குண்டு பல்புக்குள் ஓர் ஓநாய்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு நடையில் தொங்கிய குண்டு பல்பு, ஃப்யூஸ் போவதற்கு முன்பே முகம் கறுத்துவிடும். கழற்றிக் காதருகே ஆட்டினால் அறுந்த இழை கிணுகிணுக்கும். கண்ணாடியின் உட்புறத்தில் கரி அப்பியிருக்கும். புகை என்றுதான் நினைத்திருந்தேன். அது டங்ஸ்டன்.

அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர் வட்டாரமே திரண்டு, 2025 ஜனவரியில் அது ரத்தானபோது அந்தப் பெயர் டீக்கடை வரை வந்துவிட்டது. ஆனால் இந்த உலோகத்தின் பூர்வீகம் ஒரு திருட்டுப் பழி. சிதம்பரம் பாத்திரக் கடைகளில் ரசத்துக்கென்று ஈயச்சொம்பு வாங்குகிறோமே, அந்த வெள்ளீயத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சாக்சனி மலைகளில் உருக்கியவர்களுக்கு ஒரு கறுப்புத் தாதுவைக் கண்டாலே ஆகாது. அது கலந்தால் ஈயத்தில் பாதி நுரையும் கசடுமாகப் போய்விடும். ஆட்டை ஓநாய் தின்பதுபோல் ஈயத்தைத் தின்கிறது என்று 'வுல்ஃப்ரம்' எனப் பெயரிட்டார்கள். தனிம அட்டவணையில் டங்ஸ்டனின் குறியீடு 'டபிள்யூ'வாக இருப்பது அந்த ஓநாயால்தான். சுவீடன்காரர்களுக்கோ அது வெறும் 'கனத்த கல்', அதாவது டங் ஸ்டென்.

1783இல் ஸ்பெயினில் எல்ஹுயார் சகோதரர்கள் உலோகத்தைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு நெடுங்காலம், எஃகில் கலந்ததைத் தவிரப் பெரிய வேலை எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை. 1904இல் யுஸ்ட், ஹனமான் என்ற இருவர் ஹங்கேரியில் டங்ஸ்டன் பல்பு இழைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 3,422 டிகிரி வரை உருகாத உலோகமாயிற்றே!

உருகவில்லைதான், ஆனால் பல்பு கறுத்தது. வெற்றிடம் போதவில்லை என்று மற்றவர்கள் காற்றை இன்னும் இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்க, அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர் உள்ளே வாயுவை விட்டுப் பார்த்தார். இழை ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது என்பது புரிந்தது. 1913 வாக்கில் நைட்ரஜனும், பிறகு ஆர்கானும் அடைத்ததில் அந்த ஆவியாதல் மட்டுப்பட்டது. இதே மனிதர்தான் 1928இல் மின்னேறிய வாயுவுக்கு 'பிளாஸ்மா' என்று பெயர் வைத்தவர். அவர் மேசையில் இருந்த டங்ஸ்டனும் பிளாஸ்மாவும் அரை நூற்றாண்டு கழித்துச் சண்டைக்கு நிற்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

1975இல் பிரின்ஸ்டனில் ஓர் அணுக்கரு இணைவு இயந்திரம் இயங்கத் தொடங்கியது. காந்த வேலிக்குள் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேறும் ஹைட்ரஜன் பிளாஸ்மா. அதன் ஓரத்தைத் தாங்க டங்ஸ்டன் தடுப்பு வைத்தார்கள். அதிலிருந்து சில அணுக்கள் பெயர்ந்து உள்ளே போயின. ஹைட்ரஜனின் ஒற்றை எலக்ட்ரான் எப்போதோ கழன்றிருக்கும். டங்ஸ்டனுக்கோ 74. அத்தனை சூட்டிலும் ஒட்டிக்கொண்டிருப்பவை எக்ஸ் கதிராக வெப்பத்தை வெளியே வாரி இறைக்கும். லட்சம் அணுவுக்குச் சில டங்ஸ்டன் அணு போதும், கதை கந்தல். பிளாஸ்மாவின் நடுப்பகுதி, சுற்றியிருந்ததைவிடக் குளிர்ந்தது. பழைய ஓநாய்தான், இந்த முறை தின்றது சூட்டை.

தடுப்பைக் கார்பனுக்கு மாற்றியதும் 1978இல் அதே இயந்திரம் 6 கோடி டிகிரியைத் தொட்டது. ஆறே எலக்ட்ரான் கொண்ட கார்பன் சூட்டில் மொட்டையாகிவிடும். உலகமே கார்பனைக் காப்பியடித்தது. ஆனால் கார்பன் அரித்துப் படிந்து, விலையுயர்ந்த எரிபொருளான டிரிட்டியத்தைப் பதுக்கிவைத்தது. வேறு வழியில்லாமல் ஓநாயையே திரும்பக் கூப்பிட்டார்கள். ஜெர்மனியின் கார்ஷிங் ஆய்வகம் தன் இணைவு இயந்திரத்தில் ஓடு ஓடாக டங்ஸ்டன் பூசி 2007இல் முழுச் சுவரையும் மாற்றிவிட்டது. இந்தியாவும் பங்காளியாக, பிரான்ஸில் அமையும் ஈட்டர் இணைவுத் திட்டம், உட்சுவர் முழுக்க டங்ஸ்டன் என்று 2023இல் அறிவித்தது.

இப்போது அதை மேய்க்கக் கற்றிருக்கிறார்கள். ஹைட்ரஜன் அடர்ந்த நடுவை நோக்கி நகர்வது டங்ஸ்டனின் சுபாவம். நடுவில் சூட்டைக் கூட்டினால் வெளியே தள்ளலாம், சோற்று உலையில் நடுக்கொதி பலமானால் நுரை ஓரம் ஒதுங்குவதுபோல. காரணம் வேறு, காட்சி ஒன்று. வெப்பம் வந்து மோதும் அடித்தட்டைக் காக்க இன்னொரு தந்திரமும் உண்டு. அங்கே வேண்டுமென்றே கொஞ்சம் வாயுவை ஊதுகிறார்கள். சூடு தட்டில் விழுமுன் ஒளியாகச் சிதறிவிடும். ஊதுவது பெரும்பாலும் நியான், நைட்ரஜன், ஆர்கான். பின்னிரண்டும் எங்கள் நடை பல்புக்குள் இருந்தவை.