கட்டை விரலுக்கு 30 சதவீதம்

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று, 1923-ல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கிய கதை நம் கல்லூரியில் படித்த எல்லோருக்கும் மனப்பாடம். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது நானும் அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதே 1923-ல் இன்னொன்றும் பிறந்திருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வேலையில் அடிபட்டால், யார் தவறு என்று பொதுவாகக் கேட்காமல் முதலாளி பணம் தர வேண்டும். வெடிமருந்து செய்கிறவர்கள், கையாள்கிறவர்கள் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு.

அந்தச் சட்டத்தை என்னைப் படிக்க வைத்தவர் எங்கள் தெரு அண்ணாச்சி. 2022-ல் ஒரு பட்டாசு ஆலையில் திரி வைக்கும்போது அவருடைய வலது கட்டை விரல் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 40. அவர் தம்பி பட்டாளத்திலிருந்து வந்தவர். முழங்கால் அடிக்கு ஊன ஓய்வூதியம் வாங்குகிறார். "எனக்கு மாசாமாசம் வருது. எங்க அண்ணனுக்கு ஒண்ணுமே கிடையாதா தம்பி?" என்று கேட்டார்.

வித்தியாசம் காகிதத்தில் இருக்கிறது. சிப்பாய் சேரும் நாளிலேயே உடம்பைச் சோதித்து எழுதி வைத்துவிடுகிறார்கள். சேரும்போது அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், அது பணியால் வந்ததல்ல என்று காட்ட வேண்டியது அரசின் பொறுப்பு என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. அண்ணாச்சிக்கோ பீஸ் ரேட், சனிக்கிழமைக் கூலி. வருகைப் பதிவேட்டில் பெயரில்லை. "எங்க ஆளே இல்லை" என்றுவிட்டார்கள். தீப்பெட்டி ஆலைக் குழந்தைகள் பற்றிய வழக்கில், தொழிலாளர் ஒவ்வொருவரையும் முதலாளி செலவில் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்ய வேண்டும் என்று 1990-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயர் இருந்தால்தானே காப்பீடு! 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தில் செத்தவர்களில், காப்பாற்ற ஓடிப்போன ஊர்க்காரர்களும் உண்டு. அவர்கள் எந்தப் பதிவேட்டில் இருப்பார்கள்?

எங்களுக்குக் கை கொடுத்தது ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி. எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது என்று டியூட்டி டாக்டர் அன்றே எழுதியிருந்தார். இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது விதி; நாங்கள் போட்டபோது பதினோரு நாள்தான் மிச்சம்.

பிறகு கணக்கு. சட்டத்தின் முதல் அட்டவணை கட்டை விரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7 என்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் விலைப்பட்டியல் மாதிரி இருந்தது எனக்கு. எதில் 30 சதவீதம்? சம்பாதிக்கும் சக்தியில். அண்ணாச்சிக்குத் தெரிந்த ஒரே வேலை திரி வைப்பது. கட்டை விரல் இல்லாமல் திரியைப் பிடிக்கவே முடியாது. 1968-ல் ஒரிசாவில் சினிமா கொட்டகை வேலையில் விழுந்த தச்சர் ஒருவருக்கு இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்தார்கள். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்பதை 1975-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதைக் காட்டி நாங்களும் வாதாடினோம்.

மாதக் கூலி 15,000 ரூபாய், அதில் 60 சதவீதம் 9,000. நாற்பது வயதுக்கான காரணி 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய். அதில் 30 சதவீதம் என்றால் 4,97,259. எங்களுக்கு 30-க்கு மேல் போகவில்லை. தச்சருக்குப் போனது கை, இவருக்கு விரல்தானே என்றார்கள். எனக்கு இன்றுவரை அது சரியென்று படவில்லை. ஆனாலும் "எங்க ஆளே இல்லை" என்றவர்கள் அந்தத் தொகையை 12 சதவீத வட்டியோடு கட்டினார்கள்.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. விரல் கணக்கு அங்கேயும் தொடர்கிறது.

பணம் வாங்கப் போன அன்று அண்ணாச்சி கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தினார். "நல்லவேளை, இடது கைதான கேக்குறாங்க" என்று சிரித்துக்கொண்டே வைத்தார்.