வேகத்தைக் குறைத்தால் மின்கலம் நீடிக்குமா? குறைமின் செயலியின் கதை

மாணவர்களே, மெர்சிங் படகுத்துறையில் நின்றவர்களுக்குத் தெரியும். தியோமான் படகு நம் அவசரத்துக்குக் கிளம்பாது. கடல் ஏற்றம் வரணும். நீங்களே ராஸ்பெர்ரி பை பலகையில் கூட்டிச் சேர்த்த கையடக்கக் கணினியோடு அங்கே காத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்க. மின்கலம் இறங்கிக்கிட்டே போகுது. என்ன செய்வீங்க?

“செயலியின் வேகத்தைப் பாதியாக்குவேன், சார்.” வகுப்பில் எனக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் இதுதான். இதற்கு முழு மதிப்பெண் கிடைக்காது. ஏன் என்பதை வரலாறே காட்டுது.

1985 ஏப்ரலில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனத்துக்கு முதல் ஆர்ம் செயலி வந்து சேர்ந்தது. வடிவமைத்தவர்கள் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும். சோதித்தபோது செயலி ஓடுது, ஆனால் மின்னோட்டமானி பூஜ்ஜியம் காட்டுது! பார்த்தால், அதற்கு மின்சாரமே இணைக்கப்படவில்லை. மற்றச் சுற்றுகளிலிருந்து கசிந்து வந்த மின்சாரத்திலேயே ஓடியிருக்கு. கையடக்கக் கணினிக்காக அவர்கள் சிக்கனம் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. மலிவான பிளாஸ்டிக் உறை சூட்டைத் தாங்கணுமே என்ற கவலைதான் காரணம்.

அடுத்த கட்டம்தான் முக்கியம். டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் ஆல்ஃபா 21064 செயலி 3.45 வோல்ட்டில், 200 மெகாஹெர்ட்ஸில் 26 வாட் குடிக்கும். அதே நிறுவனம் 1996இல் வெளியிட்ட ஸ்ட்ராங்ஆர்ம், 160 மெகாஹெர்ட்ஸில் வெறும் அரை வாட். எப்படி? பொறியாளர்கள் போட்ட கணக்கைப் பாருங்க. மின்னழுத்தத்தை 1.5 வோல்ட்டாக இறக்கியதில் 5.3 மடங்கு மிச்சம். வேலைகளைக் குறைத்து எளிமையாக்கியதில் 3 மடங்கு, நுண்ணிய தயாரிப்பு முறையில் 2 மடங்கு, கடிகாரச் சுற்றின் சுமையைக் குறைத்ததில் 1.3 மடங்கு. வேகத்தைக் குறைத்ததில்? 1.25 மடங்குதான்.

திறன் = C × V² × f என்ற சூத்திரத்தில் V இரண்டு முறை பெருக்கப்படுவதைக் கவனியுங்க. வேகத்தை மட்டும் பாதியாக்கினால் திறன் பாதியாகும், ஆனால் அதே வேலைக்கு நேரம் இரட்டிப்பாகும். ஆக, அந்த வேலைக்குச் செலவாகும் ஆற்றல் மாறாது. திரை இன்னும் அதிக நேரம் எரிவதால் நஷ்டம்கூட வரலாம். மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 0.9க்கு இறக்கினாலோ ஆற்றல் சுமார் 56 விழுக்காடாகக் குறையும். குறைந்த மின்னழுத்தத்தில் செயலி வேகமாக ஓட முடியாது என்பதால்தான் வேகத்தையும் சேர்த்துக் குறைக்கிறோம்.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டருக்கு, பின்னர் இன்டெல் கைக்குப் போன இந்த ஸ்ட்ராங்ஆர்ம் வரிசையில் 206 மெகாஹெர்ட்ஸ் செயலியைத்தான் எடுத்தார்கள். மின்சாரம் நிலையில்லாத கிராமத்துக்கான கணினி அது. சிறிய டிரிபிள்-ஏ மின்கலத்தில் ஓடணும். 2004இல் கடைக்கு வந்தது. விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை, ஆனால் செயலியைத் தேர்ந்த விதத்தில் தவறு இல்லை என்பதே என் கருத்து.

உங்கள் கணினியில் லினக்ஸ் இருந்தால், சும்மா இருக்கும் நேரத்தில் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்து இறக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் அதைப் போட்டுவிட்டு, திரை வெளிச்சத்தையும் குறைச்சிடுங்க. தேர்வில் இதே கேள்வி வந்தால், வேகத்தை எழுதுவதற்கு முன் மின்னழுத்தத்தை எழுதுங்க, அந்த V²ஐயும் சேர்த்து.