வாப்பாவின் கிதாபு அலுமாரி

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு முதிரை அலுமாரி இருந்தது. மேல்தட்டில் குர்ஆனும் தப்ஸீரும். நடுத்தட்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் 'பத்ஹுத் தய்யான்' முதலான அறபுத்தமிழ்க் கிதாபுகள். கீழ்த்தட்டில் சுப்ஹான மௌலூது, புர்தா, முஹியித்தீன் மாலை, ராத்திபு ஏடுகள். அந்தக் கீழ்த்தட்டின் மூலையில், சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு கையெழுத்துக் கொப்பி. ஓதப்பள்ளியில் லெப்பையாக இருந்த என் மூத்தவாப்பா எழுதியது அது. அறபு எழுத்தில் தமிழ். பிள்ளைகளுக்கு ஒளுவும் தொழுகையும் சொல்லிக்கொடுக்க அவரே கட்டிய பாட்டுகள், ஊரில் மவுத்தானவர்களின் பெயரும் திகதியும், வெள்ளம் வந்த வருடங்கள் என்று எல்லாம் கலந்து கிடந்தன.

அந்த அலுமாரி இரண்டு தடவை வெறுமையானது. முதல் தடவை வெறுமையாக்கியவன் நான்.

1994. எனக்கு வயது இருபத்திரண்டு. சவூதியில் வேலைசெய்து திரும்பிய கூட்டாளி ஒருவர் கொண்டுவந்த ஒலிநாடாக்களை இரவிரவாகக் கேட்டோம். அவற்றில் எல்லாம் பிழை என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். சீதனத்துக்கு எதிராக நாங்கள் அந்த நாளில் பேசியது சரிதான். தாயத்து வியாபாரத்தைக் கேள்வி கேட்டதும் சரிதான். தவ்ஹீத் அழைப்பையும் தீவிரவாதத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிற வேலையை 2019க்குப் பிறகு பலர் செய்தார்கள், அது வரலாறாகாது. பிசகு தொடங்கிய இடம் வேறு. "நீங்கள் செய்வது பிழை" என்று சொல்லிக்கொண்டிருந்த நாங்கள், "நீங்கள் இஸ்லாத்திலேயே இல்லை" என்று சொல்லத் தொடங்கினோம். என் வாப்பாவிடமே சொன்னேன்.

ஒரு பின்னேரம், வாப்பா பள்ளிக்குப் போன நேரம் பார்த்து, கீழ்த்தட்டு முழுவதையும் வளவுக்குள் கொண்டுபோய் எரித்தோம். சிவப்புத் துணியை யாரும் அவிழ்த்தும் பார்க்கவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ட வாப்பாட கையெழுத்து மகன் அது" என்றார். அவ்வளவுதான். ஏசவில்லை, அடிக்கவில்லை.

அந்தக் காலத்தின் மனநிலையையும் சொல்ல வேண்டும், தப்பிக்க அல்ல. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களில் ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுப்பேரும் துரத்தப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மொழியால் நம்மோடு ஒன்றானவர்களின் ஆயுதக் குழு நம்மை அந்நியர் என்று தீர்மானித்தபோது, என் வயதுப் பொடியன்களுக்குக் காலூன்ற ஓர் இடம் தேவைப்பட்டது. உறுதியாகப் பேசியவர் பின்னால் போனோம். புலிகள் நமக்குச் செய்ததை, அதாவது ஒரே வரியில் ஒரு கூட்டத்தை வெளியே தள்ளுவதை, நாம் நமக்குள்ளேயே செய்து பழகினோம் என்பது எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆனது.

காத்தான்குடியின் கதையில் இது தெளிவாகத் தெரியும். அங்கே ஸூபிச் சிந்தனை பேசிய ரவூப் மௌலவிக்கு எதிராக 1979இல் பத்வா வந்தது. 2004 ஒக்டோபரில் தரீக்காக்காரர்களின் வீடுகளும் நிலையங்களும் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில் தரீக்கத்துல் முப்லிஹீன் தலைவர் காலமானபோது அவரை ஊரில் அடக்கக் கூடாதென்று கிளம்பினார்கள்; அடக்கிய ஜனாஸா கப்ரிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. மையித்துக்கே இடமில்லை என்று சொல்லும் அளவுக்கு ஒரு ஊர் போனதை நம் சஞ்சிகைகள் அன்று எத்தனை பக்கம் எழுதின? நானும் எழுதவில்லை.

இதை ஒரு தரப்பின் குற்றமாக மட்டும் எழுதினால் அதுவும் பொய். 2009 ஜூலையில் பேருவளை மஹகொடையில் தாக்கப்பட்டது தவ்ஹீத் பள்ளிவாசல். புஹாரி கந்தூரியை விமர்சித்ததில் மூண்ட பிரச்சினை அது. பள்ளி எரிந்தது, இருவர் கொல்லப்பட்டனர். மௌலூது ஓதுகிற வாய்க்கும் வாள் பிடிக்கிற கை இருந்தது.

பிறகு 2012இல் பொது பல சேனா. ஹலால் பிரச்சினை, 2014 ஜூனில் அளுத்கம, 2017 நவம்பரில் கிந்தோட்டை, 2018 பெப்ரவரியில் அம்பாறை, மார்ச்சில் திகன. அம்பாறையில் கொத்துரொட்டிக்குள் மலட்டு மாத்திரை போட்டதாகக் கதை கட்டினார்கள். இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று வந்தபோது பள்ளியும் கடைகளும் உடைந்து முடிந்திருந்தன. அளுத்கமையும் திகனயும் ஸஹ்ரானுக்கு ஆள் சேர்க்கும் பேச்சுக்குப் பொருளாயின. ஸஹ்ரானோ, பொது பல சேனாவுக்கு "நாங்கள் சொன்னோமே" என்று சொல்லக் காரணம் கொடுத்தான். இருவருக்கும் இடையில் நசுங்கியவர்கள் கடைக்காரரும் தையல்காரரும்.

ஸஹ்ரான் வானத்திலிருந்து விழவில்லை. 2017 மார்ச் 10ஆம் திகதி காத்தான்குடி அலியார் சந்தியில் அவனது ஆட்களும் ஸூபிகளும் மோதினார்கள், வாள்கள் வெளிவந்தன. அதன்பின் தலைமறைவானான். அவனைப் பற்றி முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். முறையிட்டவர்களின் பேச்சை நாடும் கேட்கவில்லை, நம்மவர்களில் பலரும் "தரீக்காக்காரன்ட பிரச்சினை" என்று விட்டுவிட்டார்கள். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைந்தன. 2019 ஜனவரியில் வனாத்தவில்லு தென்னந்தோட்டத்தில் வெடிபொருள் அகப்பட்டது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன், கொழும்பு ஹோட்டல்கள். பூசைக்குப் போன குடும்பங்கள், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் என்று 260க்கும் மேற்பட்ட உயிர்கள்.

26ஆம் திகதி வெள்ளி இரவு, சாய்ந்தமருதுச் சத்தம் எங்கள் வீட்டு யன்னலை அதிரவைத்தது. அந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்கள்தான். உள்ளே 15 பேர் இறந்துகிடந்தார்கள். அவர்களில் 6 பிள்ளைகள்.

அடுத்த நாட்களில் சுற்றிவளைப்பு. அறபு எழுத்துள்ள எதைக் கண்டாலும் ஆமி கொண்டுபோகும் என்று கதை பரவியது. வாப்பா மவுத்தாகி ஏழு வருடம். உம்மாவுக்கு எண்பது.

"இதுகள எங்கயாவது ஒளிங்க மகன். ஒன்ன புடிச்சிட்டுப் போவானுகள்" என்று அழுதார்.

அறபு எழுத்தில் இருப்பது தமிழ் என்பதை சிங்களச் சிப்பாய்க்கு எப்படி விளங்கப்படுத்துவது? 'பத்ஹுத் தய்யான்' ஒரு பிக்ஹு நூல், குண்டு செய்யும் குறிப்பல்ல என்று யாரிடம் போய்ச் சொல்ல? நானும் உம்மாவும் நடுத்தட்டுக் கிதாபுகளைப் பொலித்தீனில் சுற்றி, முருங்கைக்குக் கீழே வெட்டிப் புதைத்தோம். இருபத்தைந்து வருடத்துக்கு முன் நான் நெருப்பு வைத்த இடத்துக்கும் அந்தக் குழிக்கும் பத்தடிகூட இருக்காது. மண்வெட்டியோடு நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது.

எங்களைவிடப் பலமாக அடிபட்டவர்கள் நிறையப்பேர். மே 13ஆம் திகதி குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடைப் பக்கங்களில் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன; கொட்டாரமுல்லையில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். எழுத்துக்காரர்களுக்கு நடந்ததற்கு ஒரு உதாரணம் போதும்: மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம். 2017இல் 'நவரசம்' வெளியிட்டவர். வன்முறையையும் ஐ.எஸ்.ஸையும் கண்டித்து எழுதிய கவிதைகள் இருந்த நூலையே தீவிரவாத நூலென்று காட்டி, 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதுசெய்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், விடுதலை 2023 டிசம்பரில். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒழுங்காக உட்கார்ந்து வாசித்திருந்தால் முடிந்திருக்கும் விடயம்.

குழியை அடுத்த வருடம் தோண்டினேன். மாரி வெள்ளம் பொலித்தீனுக்குள் இறங்கியிருந்தது. கிதாபுகள் கூழாகிக் கிடந்தன. காயவைத்துப் பிரித்ததில் பன்னிரண்டு தாள் தேறியது. அதில் ஒன்று மூத்தவாப்பாவின் கையெழுத்து. 'பத்ஹுத் தய்யா'னுக்குள் அடையாளத்துக்கு மடித்து வைத்திருந்திருக்கிறார், அதனால் 1994இல் என் கைக்குத் தப்பியிருக்கிறது. ஒளுவின் பர்ளுகளைச் சொல்லும் பாட்டில் நான்கு வரி. மிச்சத்தை ராத்தாவுக்குக் கொஞ்சம் பாடமிருக்கிறது, கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இலங்கை மலாய்க் குடும்பங்களின் கையெழுத்துப் பிரதிகளை பிரித்தானிய நூலகத்தின் திட்டமொன்று எண்மப்படுத்தியது. நூலகம் நிறுவனமும் நம் ஆவணங்களைப் பதிந்து வருகிறது. வாசிக்கும் உங்கள் வீட்டு அலுமாரியில், பரணில், மண்ணுக்குக் கீழே ஏதும் இருந்தால், எந்த ஜமாஅத்துக்காரர் எழுதியது என்று பார்க்காமல், கைத்தொலைபேசியில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். எங்கள் பன்னிரண்டு தாளையும் போன மாதம் படமெடுத்து முடித்தேன்.