பெக் என்ட்விசில் தோற்றுப்போன நடிகையா?

முதல்லயே சொல்லிடறேன், இந்த எபிசோட்ல ஒரு தற்கொலை பற்றிய பேச்சு வருது. மனசு சரியில்லாத நாள்னா, இதை அப்புறம் கேளுங்க.

லாஸ் ஏஞ்சலிஸ் மலையில் நிற்கிற 'ஹாலிவுட்' எழுத்துகளை எல்லாரும் போட்டோவிலாவது பார்த்திருப்போம். அது சினிமாவுக்காக வெச்சதே இல்லை. 1923-ல் மனை விற்க வெச்ச விளம்பரம். அப்போ 'ஹாலிவுட்லேண்ட்' என்று 13 எழுத்துகள், ஒவ்வொன்றும் சுமார் 50 அடி உயரம். நம்ம பைபாஸ் ஓரத்து பிளாட் விற்பனை போர்டோட பெரியப்பா மாதிரி.

1932 செப்டம்பரில் அந்த இடத்தில்தான் பெக் என்ட்விசில் உயிரை விட்டார். வயசு 24. "சினிமா சான்ஸ் கிடைக்காத விரக்தி"ன்னு ஒரு வரியில கதையை முடிச்சிடுவாங்க. நானும் அப்படித்தான் ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பிச்சேன். கொஞ்சம் படிச்சதும் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டியதாச்சு.

பெக் பிறந்தது வேல்ஸில், 1908-ல். சின்ன வயசிலேயே அமெரிக்கா வந்தாச்சு. 1922-ல் நியூயார்க்கில் கார் மோதி அப்பா இறந்துபோனார். மூணே வருஷத்தில், 17 வயசில், பாஸ்டன் மேடையில் இப்சனின் 'தி வைல்டு டக்' நாடகத்தில் ஹெட்விக் வேஷம். பார்த்தவங்கள்ல அதே 17 வயசுப் பொண்ணு ஒருத்தி. நடிகையாகணும்ங்கிற ஆசையை உறுதியாக்கினது அந்த நாடகம்தான்னு அவங்க பிற்காலத்தில் சொன்னாங்க. அவங்க பேர் பெட்டி டேவிஸ்!

அப்புறம் பிராட்வே. 1927-ல் பெக் நடிச்ச 'டாமி' 232 காட்சிகள் ஓடியது. அதே வருஷம் கல்யாணம், 1929-ல் விவாகரத்து. அந்த வருஷக் கடைசியில் பங்குச்சந்தை சரிஞ்சது, அடுத்தடுத்து நாடகக் கொட்டகைகள் காலியாச்சு. 1932-ல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஒரு நாடகத்துக்காக வந்தார். கூட நடிச்சவங்கள்ல இன்னும் பேர் வாங்காத ஹம்ஃப்ரி போகார்ட்டும் உண்டு. அது முடிஞ்சதும் ஆர்கேஓ ஸ்டூடியோவில் 'தர்ட்டீன் விமன்' படம். எடிட்டிங்கில் படத்தையே வெட்டிக் குறைச்சாங்க, பெக் வந்த காட்சிகள் சில நிமிஷமாச்சு. ஒப்பந்தமும் நீளவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்க. மேடையில் ஏழு வருஷம், ஹாலிவுட்டில் சில மாசம். ஆனா பத்திரிகைகள் அந்தச் சில மாசத்தைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. மேடை நடிப்பை யார் படம் பிடிச்சு வெச்சாங்க? "செத்த மறுநாள் கதாநாயகி வேஷத்துக்குக் கடிதம் வந்துச்சு"ன்னு ஒரு வால் வேற. சொல்றவங்க யாரும் அந்தக் கடிதத்தைக் காட்டினதில்லை. எனக்கு அது சினிமாக்காரங்க எழுதின கிளைமாக்ஸ் மாதிரிதான் படுது.

பெட்டி டேவிஸ் கதையும் கிட்டத்தட்ட அப்படியே போச்சுங்கிறதுதான் என்னைத் தூங்கவிடலை. 1930-ல் ஹாலிவுட் வந்தாங்க. சுமாரான சில படங்கள், யுனிவர்சல் ஒப்பந்தத்தை நீட்டிக்கலை. நியூயார்க் திரும்பலாம்னு இருந்த நேரத்தில் ஜார்ஜ் ஆர்லிஸ் என்ற மூத்த நடிகர் தன் படத்துக்குக் கூப்பிட்டார். அந்தப் படம் வந்ததும் 1932-லதான்.

'தர்ட்டீன் விமன்' பெக் இறந்து ஒரு மாசம் கழிச்சு ரிலீஸாச்சு. சுமார் ஒரு மணி நேரப் படம். பார்த்தா, ஹேசல்ங்கிற பாத்திரம் வரும்போது போனைக் கீழே வெச்சிடுங்க.