மணியடித்த பிறகு உள்ளே போன பையன்

"இதுகளுக்கு எங்கீங்க படிப்பு ஏறப் போகுது?" கொங்கு நாட்டில் பள்ளிக்கூடம் போய்வந்த எந்த அருந்ததியப் பிள்ளையும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. தோட்டத்துக்காரர் சொல்லுவார், டீக்கடையில் சொல்லுவார்கள், சில சமயம் வாத்தியாரே சொல்லுவார். கேட்டுக் கேட்டு நம் அம்மாக்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்: "எம் பையனுக்கு மண்டையில ஏற மாட்டேங்குதுங்க."

படித்தவர்கள் இதையே 'கல்வித் திறன்', 'தகுதி' என்று கௌரவமாகச் சொல்கிறார்கள். 1990இல் மண்டல் குழு அறிக்கையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களின் வாயிலும் இந்தச் சொற்கள்தான் இருந்தன. இந்தத் திறன் எங்கே இருக்கிறது? பிள்ளையின் மண்டைக்குள்ளா, பிள்ளை உட்கார்ந்திருக்கும் அறைக்குள்ளா? இதற்குப் பதில் தேட நான் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. கோயமுத்தூரிலேயே ஒரு சாட்சியம் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே ஒரு பள்ளியில் இரட்டைமலை சீனிவாசன் படித்தார். செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். 1939இல் வெளிவந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சின்னப் புத்தகத்தில் தன் பள்ளி நாட்களைச் சில வரிகளில் சொல்லிப் போகிறார். சுமார் நானூறு பிள்ளைகளில் பத்துப்பேர் போக மற்ற எல்லோரும் பார்ப்பனப் பிள்ளைகள். சாதிக் கட்டுப்பாடு கடுமை. யாரிடமாவது நெருங்கிப் பழகினால் ஊர் எது, குடியிருப்பு எது, உறவுக்காரர் யார் என்று கேட்டுச் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். ஆகவே வெளியே எங்காவது தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணியடித்து வகுப்பு ஆரம்பமான பிறகுதான் உள்ளே போவார். வகுப்பு விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்க முடியாதபடி வேகமாக நடந்து வீடு சேர்ந்துவிடுவார். மற்ற பிள்ளைகளோடு விளையாட முடியவில்லையே என்ற கசப்பு முதுமை வரைக்கும் அவர் மனதில் தங்கியிருந்திருக்கிறது.

தோழர்களே, இந்தப் பையனுக்கு ஒரு கணக்குத் தேர்வு வையுங்கள். அவன் மூளையில் பாதி கணக்குப் போடும், மீதிப் பாதி கதவைக் காவல் காத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவன் முழு மூளையோடு எழுதுகிறான். இரண்டு பேர் தாளையும் ஒரே தராசில் நிறுத்துவிட்டு ஒருவனுக்குத் திறமை கூட, இன்னொருவனுக்குக் குறைவு என்று தீர்ப்புச் சொல்வதைத்தான் தகுதி என்கிறார்கள்.

அதே சீனிவாசன் 1893இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. வகுப்பில் மறைத்து வைக்கவேண்டியிருந்த பெயரை ஊர் பார்க்க அச்சில் ஏற்றினார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவரும் இவர்தான். கோயமுத்தூரில் அவருக்குப் படிப்பு ஏறியதா இல்லையா என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடுவதே இங்கே ஒரு போராட்டமாக இருந்தது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் அறிக்கை கொடுத்த பிறகுதான், 1893இல் சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்கென்று ஆணை போட்டது. அறுபது வருஷம் கழித்து, 1953இல், ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தினமும் மூன்று மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் பெற்றோரின் தொழில். என் தாத்தாவின் தொழில் என்ன? கவலை இறைக்கும் தோல்பறியைத் தைப்பது, செத்த மாட்டைத் தூக்குவது, பண்ணையத்தில் கூப்பிட்ட குரலுக்கு "சாமீ" என்று ஓடுவது. அதைக் கற்றுக்கொள்ளவா அரசாங்கம் நேரம் ஒதுக்கியது? குலக்கல்வி என்று தமிழ்நாடு அதைச் சரியாகவே பெயரிட்டு விரட்டியது. 1954இல் காமராசர் ஆட்சி அதைத் திரும்பப் பெற்றது. ராஜாஜி அமைச்சரவையில் அத்திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த கல்வி அமைச்சரும், காமராசர் அமைச்சரவையில் அது கைவிடப்பட்டதை அறிவித்தவரும் ஒருவரே. அவர் நம் பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம்.

என் தலைமுறையில் பள்ளிக்கூடக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்ததைச் சொல்கிறேன். என் அம்மா துப்புரவுத் தொழிலாளி. வீட்டில் தெலுங்கு கலந்த பேச்சு, தமிழைப் பள்ளியில்தான் முழுசாகப் பேசினேன். 'அசுத்தமான தொழில்' செய்வோரின் பிள்ளைகளுக்கு மத்திய அரசு 1977-78 முதல் ஓர் உதவித்தொகை கொடுத்துவந்தது. அதற்கு அம்மா இன்ன வேலை செய்கிறாள் என்று சான்றிதழ் வாங்கிக் கொடுக்கவேண்டும். ஏழாம் வகுப்பில் ஒரு காலை, கணக்குப் பரீட்சை தொடங்குமுன், டீச்சர் வந்து "கக்கூஸ் வேலைக்கான ஃபாரம் யாரெல்லாம் கொண்டாந்தீங்க, எந்திரிங்க" என்றார். எழுந்தது நான் ஒருத்திதான். மற்ற பெண் பிள்ளைகளை "அம்மிணி" என்று கூப்பிடும் வாய், என்னை "ஏ புள்ள" என்றது. அந்தக் கணக்குகளை முந்தின ராத்திரி வீட்டில் போட்டுப் பார்த்திருந்தேன். அன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை. வாங்கியது பதினெட்டு மார்க். "நாஞ் சொல்லலே?" என்றார் டீச்சர்.

இது என் சொந்த அழுகை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு ஓர் ஆய்வு பற்றிப் படித்தேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்கள் 642 பேரை வைத்து நடத்தியது. 2004இல் வெளிவந்தது. பாதிப்பேர் மேல்சாதி, பாதிப்பேர் நம்மைப் போலவே தோலோடு கட்டிப்போடப்பட்ட சமார் சாதி. காகிதத்தில் அச்சிட்ட வழிப்புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறையச் சமமாகவே விடுவித்தது. எல்லோர் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்துவிட்டுக் கொடுத்தபோது சமார் பிள்ளைகள் விடுவித்த புதிர்கள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. பரிசைக் குலுக்கல் தீர்மானிக்கும் என்று மாற்றியபோது அந்த இடைவெளி மறைந்தது. அதாவது பிள்ளைகள் புதிருக்குப் பயப்படவில்லை, தங்களை எடைபோடும் மனிதரின் பாரபட்சத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள். கோயமுத்தூர்ப் பையன் 1939இல் எழுதி வைத்ததும், கணக்குப் பரீட்சையில் எனக்கு நடந்ததும் இதுதான்.

இன்னொரு ஆய்வும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ரீமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் 2012இல் வெளியிட்டது. விடைத்தாள் அட்டைகளில் சாதியைக் குருட்டாம்போக்கில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்ந்த சாதி என்று குறித்த தாளுக்கு மார்க் குறைந்தது. வித்தியாசம் சிறியதுதான், ஆனாலும் இருந்தது. குறைத்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதி ஆசிரியர்களே. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தெருவில் நடத்தும் மாலைப் பள்ளியில் ஒரு பையனிடம், "நீ பாஸ் பண்ணினாப் போதும் சாமி" என்று பரிவாகச் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தப் பரிவுக்குள் டீச்சரின் குரல் ஒளிந்திருந்தது. சாதி நம் கையில் இருக்கும் சிவப்புப் பேனாவுக்குள்ளும் வேலை செய்கிறது.

2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. இடம் கிடைத்திருக்கிறது, இடத்தில் உட்காரும் பிள்ளையின் மூளை முழுதாக அதற்கே கிடைக்கவேண்டும். உதவித்தொகை விவரத்தை வகுப்பில் கத்தாமல் தலைமையாசிரியர் அறையில் தனியாகச் சொல்லவேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. சின்ன விஷயம்போலத் தெரியும். என் பதினெட்டு மார்க் அந்தச் சின்ன விஷயத்தில்தான் போனது.

இதைப் படிப்பவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், ஆய்வு மாணவர்கள் இருப்பீர்கள். நம் பிள்ளைகளின் திறனை அளக்கப் போகுமுன், அளக்கிற அறையில் என்ன சொல்லப்பட்டது, யார் எழுந்து நிற்கவைக்கப்பட்டார்கள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பையனிடம் போனவாரம் நானே போய், "பாஸ் போதாது கண்ணு, நூறு வாங்கோணும்" என்றேன். "எனக்கு வருமாக்கா?" என்று கேட்டான். வரும் என்றேன். அதை நான் முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும்.