கேட்கப்படாத சாட்சியம்

சபரகமுவத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் கணக்கேடுகளுக்குப் பஞ்சமில்லை. எத்தனை இறாத்தல் கொழுந்து பறிக்கப்பட்டது, எவருக்கு முழுப்பேர், எவருக்கு அரைப்பேர், அரிசிக் கணக்கில் எவ்வளவு கழிவு என்பன செக்றோலில் நாள் தவறாது பதியப்பட்டு வந்தன. கஹவத்தையைச் சூழ்ந்த தேயிலை, ரப்பர்த் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. ஆயின், அதே லயங்களில் வளர்ந்த குழந்தைக்கு வளர்ந்த ஒருவனால் நேர்ந்த பாலியற் கொடுமையை எழுதுவதற்கு அந்த ஏட்டில் பத்தி ஏதும் இருந்ததில்லை. பதிவு இல்லை என்பதால் குற்றமே நிகழவில்லை என்று முடிவு கட்டுபவன் வரலாற்று மாணவன் அல்லன். எழுதியவர் யார், எவரைக் கேட்டு எழுதினார், எவரைக் கேளாமல் விட்டார் என்பதையே அவன் முதலில் விசாரிக்கக் கடமைப்பட்டவன்.

அக்காலத்து அரசு தோட்டத்து விவகாரங்களில் தலையிடாமல் ஒதுங்கி நின்றது என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளி. அவனைத் தேடிப் பிடிக்கப் பொலிஸ் இருந்தது. விசாரிக்க நீதவான் இருந்தார். அடைக்கச் சிறை இருந்தது. இந்த ஏற்பாடு 1920களின் தொடக்கம்வரை நிலைத்தது. துரைக்கு நட்டம் வந்தால் மலையேறி வர வல்லதாயிருந்த நீதி, குழந்தையின் உடலுக்கு ஊறு வந்தபோது மட்டும் பாதை அறியாது நின்றது ஏன்?

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் உருவாயிற்று. சிறுமியின் சம்மதத்தைக் குற்றவாளி சாட்டாகக் காட்ட இயலாத வயதெல்லையை அது 12 என்று வகுத்தது. அந்த எல்லை 16 ஆக உயர்ந்தது 1995இன் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினாலேயே. இடையில் கழிந்தவை 112 ஆண்டுகள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1948இல் சுதந்திரம் வந்தது, அதே ஆண்டில் தோட்டத் தமிழரின் குடியுரிமை போயிற்று. 1972இல் குடியரசு வந்தது. இடதுசாரிகள் அமைச்சரவையில் வீற்றிருந்த 1970களிலும் இந்தப் பிரிவின்மேல் எவர் கண்ணும் படவில்லை. நெருங்கிய இரத்த உறவினர் இழைக்கும் கொடுமை தனிக் குற்றமாக அச்சட்டக்கோவையில் இடம்பெற்றதும், ஆண் குழந்தைக்கும் பாதுகாப்பளிக்கும் கடும் பாலியல் துஷ்பிரயோகம் என்னும் பிரிவு சேர்ந்ததும் அந்த 1995இலேதான். வீட்டுக்குள் நடப்பதைப் பெயரிட்டுச் சொல்லவே சட்டத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று!

இது இலங்கைக்கு மட்டும் உரிய குணமன்று. 1890இல் கல்கத்தாவில் பத்துப் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, ஏறக்குறைய முப்பத்தைந்து வயதான தன் கணவனால் உண்டான காயங்களால் உயிர் நீத்தாள். அன்றைய இந்தியச் சட்டத்தில் வயதெல்லை 10. அவளோ அதைக் கடந்தவள், மேலும் மனைவி. ஆதலால் வல்லுறவுக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவல். மறுஆண்டு வயதெல்லையை 12 ஆக உயர்த்தும் சட்டம் வந்தபோது எழுந்த கூக்குரலை நாம் நினைவுகூர வேண்டும். அந்நிய அரசு எங்கள் இல்லறத்துள் நுழைவதா என்று கேட்டவர்களுள் நாடு போற்றும் திலகரும் ஒருவர். அந்நிய அரசின் நோக்கத்தை ஐயுறுவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் அந்தப் பெரும் விவாதத்தில், இறந்த சிறுமியின் வயதையொத்த பிள்ளைகளை அழைத்து அவர்கள் படும் பாட்டைக் கேட்டவர் எவர்?

ஐரோப்பாவின் அறிவியலும் இவ்விடயத்தில் நம்மைவிட மேலானதாய் நடந்துகொள்ளவில்லை. பாரிஸ் நகரத்துச் சட்ட வைத்தியர் அம்புருவாஸ் தார்தியோ, குழந்தைகள்மீது நிகழ்ந்த பாலியற் குற்றங்களைத் தம் கையாற் பரிசோதித்து 1857இல் நூலாக வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த வைத்தியர்களுள் செல்வாக்குப் பெற்றவர்கள் அந்த ஆராய்ச்சியை வளர்த்தார்களா? இல்லை. குழந்தைகள் எவ்வாறு பொய் சொல்கிறார்கள், கண்ணியமான கனவான்கள்மீது எவ்வாறு வீண்பழி சுமத்துகிறார்கள் என்பதையே எழுதத் தலைப்பட்டார்கள். 1896இல் வியன்னாவில் பிராய்டு, தம் நோயாளிகளின் துன்பத்துக்கு வேர் சிறுவயதில் அவர்களுக்கு இழைக்கப்பட்ட பாலியற் கொடுமையே என்று மருத்துவர் சபையில் உரைத்தார். அடுத்த ஆண்டே அக்கொள்கையில் தமக்கு நம்பிக்கை போய்விட்டதென நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதன்பின் குழந்தை சொன்ன சம்பவம் குழந்தை கண்ட கற்பனையாக மாறியது. நன்கு உடுத்திய மனிதர்களைக் குற்றவாளிக் கூண்டில் காண்பதைவிட, குழந்தையைப் பொய்யன் என்பது எல்லா நாட்டிலும் எளிதாயிருந்திருக்கிறது.

உண்மையில் விசாரணை நடந்த இடங்களில் நிலைமை மாறியதுண்டு. இந்தியாவில் 1928–29இல் ஜோஷி தலைமையிலான குழு ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்டது. அதே ஆண்டில் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் நிறைவேறியது. சென்னைச் சட்டசபையில் வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சிறுமியருக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துத் தீர்மானம் கொணர்ந்தார். மரபு, கலை, தெய்வத் தொண்டு என்ற பெயர்களெல்லாம் அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டன. அவ்வழக்கத்தை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947இலேதான் வந்தது. கேள்வி கேட்கப்பட்ட நாளுக்கும் விடை வந்த நாளுக்கும் இருபது ஆண்டு இடைவெளி!

நம் நாட்டில் 1990களில் இதுபற்றிப் பேச்சு எழுந்தபோது, நாட்டின் விரல் முதலில் நீண்டது ஹிக்கடுவை, நீர்கொழும்புக் கடற்கரைகளில் சிறுவர்களைத் தேடி வந்த வெள்ளையர்களை நோக்கியே. அக்குற்றம் மெய்யானது; கொடியது. ஆனால் குற்றவாளி அந்நியனாயிருந்தது நம் சமூகத்துக்குப் பெரும் ஆறுதலாகவும் இருந்தது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அமைந்து, குழந்தை வைத்தியரான பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா அதன் முதல் தலைவரானார். 1999இல் குழந்தையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக நீதிமன்றம் ஏற்க வழி செய்யப்பட்டது. சட்டங்கள் நல்லவை. அவற்றைப் பயன்படுத்தும் மனம் எத்தகையது என்பதை 2015 செப்டம்பரில் கொட்டதெனியாவையில் கண்டோம். ஐந்து வயதுச் சிறுமி வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். நாடெங்கும் தூக்குக் கயிறு வேண்டும் என்ற முழக்கம் எழுந்தது. அந்த ஆவேசத்தினூடே பொலிஸார் முதலில் பிடித்தவர்கள் ஒரு பாடசாலை மாணவனும் வேறொரு மனிதனும். மரபணுப் பரிசோதனை அவர்கள் குற்றமற்றவர் என்று காட்டியது. உண்மைக் குற்றவாளிக்கு 2016இல் தண்டனை விதிக்கப்பட்டது. கயிற்றைக் கேட்ட குரல்களில் எத்தனை, முறையான புலன்விசாரணையைக் கேட்டன?

இனிக் கஹவத்தைப் பக்கம் வருவோம். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. துரை மாறினார், லயம் பெரும்பாலும் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கிற் கட்டப்பட்ட காம்பிராவில் மூன்று தலைமுறைகள் படுத்துறங்குகின்றன. வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலையும் அதனுடையதே. அயலிலிருப்போர் மாமன், சித்தப்பன், மச்சான் என்று பின்னிக் கிடக்கின்றனர். இந்நிலையில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு நேர்ந்ததை வெளியே சொன்னால், முதலில் கூடுவது கோயில் முன்றலில் தலைவர்மாரின் பேச்சுவார்த்தை. "பெண்பிள்ளையின் பெயர் கெட்டுவிடும்" என்று அங்கே சொல்லப்படுவதில் குழந்தைமீதுள்ள கரிசனையைவிட, குற்றவாளிமீதுள்ள கரிசனையே மிகுதி என்பது நம் கருத்து.

மற்றொரு காரணத்தையும் நேர்மையுடன் கூற வேண்டும். நுவரெலியாவைப் போலன்றி, சபரகமுவத் தோட்டத் தமிழர் சிங்களக் கிராமங்களிடையே சிதறி வாழ்பவர்கள். 1977, 1981, 1983 வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத்து லயங்களில் தீ வைக்கப்பட்டதை முதியவர்கள் மறக்கவில்லை. அவ்வாறு அஞ்சி வாழும் சமூகம் தன் குறையை வெளியார் முன் வைக்கக் கூசும். பொலிஸ் நிலையப் படி ஏறத் தயங்கும். அந்த அச்சம் நியாயமானது. அதன் நிழலில் ஒளிந்துகொள்பவனோ, அதே லயத்துக் குழந்தையை வதைத்தவன்.

தாய்மாரிடம் மட்டும் கேள்வி கேட்க எவரும் கூசுவதில்லை. மத்திய கிழக்குக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் குடும்பப் பின்னணி அறிக்கை சமர்ப்பிக்க வேண்டுமென 2013இல் விதிக்கப்பட்டது. அது பின்னர் தளர்த்தப்பட்டது. பிள்ளையை விட்டுப் போனாயே என்று அவளைக் கேட்ட அரசு, அவளை அனுப்பிய கூலியைப் பற்றித் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டதா? பிள்ளையுடன் வீட்டில் இருந்த ஆண்களைப்பற்றி ஏதேனும் அறிக்கை கேட்டதா?

2021 ஜூலையில், மலையகத் தோட்டமொன்றிலிருந்து கொழும்பில் ஒரு செல்வாக்குள்ள வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களால் இறந்தாள். வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது 16 ஆகியிருக்கவில்லை. அவள் பாலியற் கொடுமைக்கும் ஆளாகியிருந்ததற்கான அடையாளங்கள் மரண பரிசோதனையில் வெளிப்பட்டதாகச் செய்தி வந்தது. புதைத்த உடலைத் தோண்டி மீண்டும் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. உயிருடன் இருந்த மாதங்களில் அவளை ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்துக் குழந்தையின் சாட்சியம், அவள் பிணமான பின்னர்தான் பெறுமதி அடைந்தது.

இதை வாசிக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள்: புலர்காலையில் பெற்றோர் பால் வெட்டவும் கொழுந்து எடுக்கவும் சென்றபின், குழந்தையைக் காணும் முதல் வெளியாள் பெரும்பாலும் அவர்களே. வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென்று வாய் மூடிப் போவதையும், மாலையில் வீடு திரும்ப அஞ்சுவதையும் காண்பவரும் அவர்களே. அவர்களில் துணிந்த ஒருவர் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கிறார், அல்லது பிள்ளையுடன் பொலிஸ் நிலையம் செல்கிறார் என்று கொள்வோம். 1987 முதல் தமிழும் ஆட்சிமொழி. ஆயினும் தமிழறிந்த பெண் உத்தியோகத்தர் இல்லாத நாளில், பிள்ளை தயங்கித் தயங்கித் தமிழில் சொல்வதை அங்கிருக்கும் யாரோ ஒருவர் தமக்குத் தெரிந்தவாறு மொழிபெயர்க்கிறார். அவர் அதே தோட்டத்து உத்தியோகத்தராகவும் இருக்கலாம், குற்றஞ்சாட்டப்பட்டவனின் உறவினராகவும் இருக்கலாம். எழுதுபவர் சிங்களத்தில் எழுதுகிறார். சட்ட வைத்தியரிடமும் நீதிமன்றத்திலும், ஆண்டுகள் கழித்து மேல் நீதிமன்றத்திலும் குறுக்கு விசாரணைக்கு அடிப்படையாகப் போவது அந்தத் தாளே. அதன் கீழே, தான் வாசிக்க இயலாத வரிகளுக்கு அடியில், பிள்ளை தன் பெயரைத் தமிழில் எழுதுகிறாள்.