ஜஸ்டிஸ் லீக் டார்க்: அபோகோலிப்ஸ் வார்

ஜஸ்டிஸ் லீக் டார்க்: அபோகோலிப்ஸ் வார், 2020 மே மாதம் வெளியான அமெரிக்க அசைவூட்டத் திரைப்படம். டிசி காமிக்ஸ் நாயகர்களைக் கொண்டு வார்னர் பிரதர்ஸ் அனிமேஷன் தயாரித்த டிசி அசைவூட்டத் திரைப்பட உலகின் நிறைவுப் படம் இதுவே. மேட் பீட்டர்ஸ், கிறிஸ்டினா சோட்டா இயக்கினர். மைரீட் ஸ்காட் திரைக்கதை எழுதினார். கடும் வன்முறையால் அமெரிக்காவில் ‘ஆர்’ தரச்சான்று பெற்றது.

கொடுங்கோலன் டார்க்சைடின் அபோகோலிப்ஸ் கோளை, ஜஸ்டிஸ் லீக் என்னும் நாயகர் அணி முந்திக்கொண்டு தாக்கித் தோற்கிறது. ஈராண்டுக்குப் பின் பூமி பாழாகிக் கிடக்கிறது. சூப்பர்மேனின் மார்பில் கிரிப்டோனைட்டால் ‘எஸ்’ சின்னம் பச்சை குத்தப்பட்டு, அவர் வலிமை ஒடுக்கப்பட்டிருக்கிறது; பேட்மேனோ டார்க்சைடின் கைப்பாவை. தப்பியோரைத் திரட்டும் முயற்சியில் சூனியக்காரர் ஜான் கான்ஸ்டன்டைனும் ரேவன் என்னும் நாயகியும் பங்கேற்கின்றனர். மேட் ரயன், டைசா ஃபார்மிகா இவ்விருவருக்கும் குரல் கொடுத்தனர்.

டிசி அசைவூட்டத் திரைப்பட உலகின் இத்தொடர் 2013இல் ‘ஜஸ்டிஸ் லீக்: தி ஃப்ளாஷ்பாயின்ட் பேரடாக்ஸ்’ படத்துடன் தொடங்கியது. அதில் அதிவேக நாயகன் ஃப்ளாஷ் காலத்தை மாற்றியதால் பிறந்த உலகமே தொடரின் களம். நிறைவுப் படத்தில் பூமி மீளமுடியாதபடி சிதைந்ததால், மீண்டும் காலத்தை மாற்றும்படி ஃப்ளாஷை கான்ஸ்டன்டைன் வற்புறுத்துகிறார். முதன்மை நாயகர்கள் பலரைச் சாகவிட்டு, அவ்வுலகையே அழித்து முடிப்பது சூப்பர்ஹீரோ படங்களில் அரிதான துணிவு. அதே ஆண்டில் வெளியான ‘சூப்பர்மேன்: மேன் ஆஃப் டுமாரோ’ புதிய தொடரைத் தொடங்கியது.